குருதிக் கணக்கு

வைத்தியசாலை விடுதிகளிலே பொழுது புலருமுன் நடக்கும் ஒரு காரியத்தை, அங்கே ஓரிரவேனும் நோயாளருக்குத் துணையிருந்தோர் அறிவர். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். தட்டமொன்றிலே ஊசிகளும் நிறநிறமான மூடியிட்ட சிறு குழாய்களும் வரும். நித்திரையிலிருப்பவரை எழுப்பிக் கையை நீட்டச்சொல்லி, இறுகக் கட்டி, நரம்பு தேடிக் குருதி எடுப்பர். நேற்றும் எடுத்தார்கள், முந்தநாளும் எடுத்தார்கள். நேற்றைய முடிவு யாது, இன்று மீண்டும் எடுப்பது எதற்கு என்று நோயாளர் கேட்பதில்லை. கேட்டாலும், "பெரிய டொக்குத்தர் வரேக்கை ரிப்போட் இருக்கவேணும்" என்பதற்குமேல் விடை கிடைப்பதில்லை.

அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. நோயாளரின் நிலையில் மாற்றமெதுவும் இல்லாதபோதும் ஒரே பரிசோதனையை நாடோறும் திருப்பித் திருப்பிச் செய்யும் வழக்கம், விஞ்ஞானம் வளர வளரத் தானே வந்து சேர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். வைத்தியரின் கவனத்திற்கு அஃதோர் அடையாளம் என்று எண்ணுவோரும் உளர். இரண்டும் பிழை என்பதே எமது கருத்து. இவ்வழக்கத்திற்குப் பிறந்த இடமும் பிறந்த காலமும் உண்டு. அதைப் பெற்றெடுத்த இயந்திரமும், அதை ஊட்டி வளர்த்த பணமும் உண்டு. அவற்றை அறியாது வைத்தியரைத் திட்டுவதாலோ, அவருக்கு நற்புத்தி சொல்வதாலோ ஆகப்போவது சொற்பம்.

முதலிலே குருதியின் அளவைப் பார்ப்போம். 1986 ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் போதனா வைத்தியசாலை ஒன்றிலே, நோயாளரிடமிருந்து பரிசோதனைக்கென எடுக்கப்படும் குருதியை ஸ்மொல்லர், குறுஸ்கல் என்னும் இரு வைத்தியர் கணக்கெடுத்து வெளியிட்டனர். சாதாரண விடுதியில் இருந்தவர் ஒருவர் அங்கிருந்து வெளியேறுமுன் சராசரியாக 175 மில்லிலீற்றர் குருதியை ஊசிக்குக் கொடுத்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் கொடுத்தது 762 மில்லிலீற்றர். நாடியிலே குழாய் பொருத்தப்பட்டிருந்தவர்களின் கணக்கோ 944 மில்லிலீற்றர். எமது நாட்டிலே இரத்ததான முகாமொன்றில் நல்ல சுகதேகியான ஒருவரிடம் ஒருமுறை எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். அடுத்தமுறை கொடுப்பதற்கு அவர் மாதக்கணக்கிற் பொறுத்திருத்தல் வேண்டும். அதாவது, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நோயாளர், இரு தடவை இரத்ததானம் செய்யும் அளவினை, தானம் என்ற பெயருமின்றி, ஆய்வுகூடத்திற்கு ஈந்திருக்கின்றனர். அவ்வாண்டிலேயே அதே மருத்துவ ஏட்டில் வேறொரு வைத்தியர் எழுதிய குறிப்பின் தலைப்பு "மருத்துவ இரத்தக்காட்டேரிகள்" என்னும் பொருள்பட அமைந்திருந்தது. தம் தொழிலைத் தாமே இவ்வாறு சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும்.

இஃது எண் விளையாட்டன்று என்பதனைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கனடாவின் ரொறன்ரோ நகரிலே செய்யப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, நோயாளரிடம் எடுக்கும் ஒவ்வொரு 100 மில்லிலீற்றர் குருதிக்கும் அவரது ஈமோகுளோபின் லீற்றருக்கு 7 கிராம் அளவிற் குறைகின்றது எனக் கண்டது. 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாரடைப்புடன் அனுமதிக்கப்பட்ட பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. வரும்போது குருதிச்சோகை இல்லாதிருந்த அவர்களுள் ஐவரில் ஒருவருக்கு வைத்தியசாலையிலேயே மிதமான அல்லது கடுமையான குருதிச்சோகை உண்டாயிற்று. எடுக்கப்பட்ட ஒவ்வொரு 50 மில்லிலீற்றர் குருதிக்கும் அந்த ஆபத்து 18 சதவீதம் கூடியிருந்தது. மாரடைப்புக்கு வைத்தியம் பெற வந்தவருக்கு அங்கே புதியதொரு நோய் கிடைத்தது என்பதே இதன் பொருள்.

இந்நிலைக்கு வந்த பாதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

உடலின் நீரைப் பார்த்து உள்ளிருக்கும் நோயை அறியும் முயற்சி மிகப் பழையது. எமது சித்த வைத்தியர் எண்வகைத் தேர்வுகளுள் ஒன்றாக மூத்திரத்தை வைத்தனர். நீரிலே நல்லெண்ணெய்த் துளியை விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்றனர். நெய்க்குறி என்பது அதன் பெயர். இவற்றை இன்றைய இரசாயனத்தோடு நிகர்வைத்துப் பெருமை பேசுதல் எமது நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: அன்று பரிசோதித்தவரும் பார்த்தவரும் தீர்மானித்தவரும் ஒருவரே. 1827 இல் இலண்டனிலே றிச்சட் பிறைற் என்னும் வைத்தியர் சிறுநீரகநோய் பற்றிய தமது நூலை வெளியிட்ட காலத்திலும் நிலை இதுவே. நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுவாலையிற் பிடிப்பார். வெண்மையாகத் திரைந்தால் புரதம் உண்டு. ஐயம் தோன்றியது, பார்த்தார், அறிந்தார். ஐயம் இல்லாதவிடத்துக் கரண்டிக்கும் வேலை இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நிலைமை மாறத் தொடங்கியது. 1919 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து ஒட்டோ போலினும் சீனத்து மாணாக்கரான ஷியென் வூவும், சிறிதளவு குருதியிலிருந்து குளுக்கோசு, யூரியா முதலியவற்றை நிறத்தின் செறிவைக்கொண்டு அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தினர். குருதி ஒரு நூல்போல வாசிக்கத்தக்கதாயிற்று. ஆயினும் வாசிப்பு மெதுவாகவே நடந்தது. புரதத்தைத் திரைய வைத்தல், வடித்தல், மருந்து சேர்த்தல், கொதிநீரில் நிறுத்தல், ஆறவைத்தல், நிறத்தை ஒப்பிடுதல் என ஒவ்வொரு மாதிரிக்கும் ஒருவர் நின்று வேலை செய்தல் வேண்டும். அமெரிக்க ஆய்வுகூடங்களில் அவ்வாறு நின்றவருட் பெரும்பாலார் பெண்கள். ஒரு பரிசோதனை என்பது ஒரு மனிதரின் உழைப்பில் இத்தனை நிமிடம் என்று எல்லோர்க்கும் தெரிந்திருந்தது. ஆகவே கேட்பவரும் யோசித்துக் கேட்டார். தேவையற்ற கேள்விக்கு அந்த உழைப்பே வேலியாய் நின்றது.

அவ்வேலியைத் தகர்த்தவர் லெனாட் ஸ்கெக்ஸ். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரிலே, முன்னாட் போர்வீரருக்கான வைத்தியசாலையில் உயிரிரசாயனவியலாளராக இருந்தவர். நாளுக்குநாள் குவிந்த மாதிரிகளையும் களைத்துப்போன பணியாளரையும் பார்த்த அவர், 1950களின் தொடக்கத்தில் ஓர் இயந்திரத்தை அமைத்தார். மெல்லிய குழாய்க்குள் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடாதபடி இடையிடையே காற்றுக்குமிழிகள் சுவராக நிற்கும். ஓடும் வழியிலேயே மருந்து சேரும், சூடேறும், நிறம் தோன்றும். கடைசியிலே பேனா ஒன்று தாளிலே கோடு வரையும். ஒரு காற்றுக்குமிழியைச் சுவராக்கிய அந்த எண்ணம் உண்மையிலேயே அழகானது என்று கூறாதிருக்க முடியவில்லை. ரெக்னிக்கொன் என்னும் கம்பனியின் அதிபர் எட்வின் வைற்ஹெட் அதை வாங்கி, 1957 இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

ஸ்கெக்ஸ் செய்தது மனித உழைப்பின் பாரத்தைக் குறைத்த காரியம். அதைப் பழிப்பதற்கு எமக்கு நியாயமில்லை. ஆனால், இயந்திரத்தை விற்பவருக்குப் பாரம் குறைவது மட்டும் போதாது. இயந்திரம் ஓயாது ஓடவும் வேண்டும். 1960களிலே அதன் அடுத்த அவதாரங்கள் வந்தன. ஒரே மாதிரியிலிருந்து 12 பரிசோதனைகள், மணிக்கு 60 மாதிரிகள் என்ற கணக்கிற் செய்தது ஒன்று. 1970களில் வந்தது 20 பரிசோதனைகளை அதைவிட விரைவாகச் செய்தது. வைத்தியருக்கு வேண்டியது யூரியா ஒன்றே ஆயினும், வருவது பன்னிரண்டு. ஒன்றைமட்டும் செய்யச்சொல்வது இயந்திரத்திற்குச் சிரமம். பன்னிரண்டையும் செய்வது அதற்கு இலகு. உழைப்பின் அளவோடு இருந்த தொடர்பு அறுந்தபின், "இது தேவையா?" என்னும் கேள்வியைக் கேட்கவேண்டிய கட்டாயமும் அறுந்தது.

இவ்விடத்தே பள்ளிக்கூடக் கணக்கொன்றைச் செய்து பார்ப்பது பயனுடைத்து. எமது கணித நண்பர்கள் இதனை வகுப்பிலே கொடுக்கலாம். ஒரு பரிசோதனையின் "இயல்பான அளவு" எவ்வாறு வகுக்கப்படுகின்றது? சுகதேகிகள் பலரை அளந்து, நடுவிலுள்ள 95 சதவீதத்தினரை இயல்பு என்று கொள்வர். எஞ்சிய 5 சதவீதத்தினர் நோயற்றவரேயாயினும் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒரு பரிசோதனை செய்தால் சுகதேகி ஒருவர் பிழையாக அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஒன்றோடொன்று தொடர்பற்ற 12 பரிசோதனைகளைச் செய்தால், அவற்றுள் ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 46. இருபது செய்தால் 64. அதாவது, போதிய பரிசோதனைகளைச் செய்தால் சுகதேகியாக வீடு திரும்புவோர் சிறுபான்மையினரே. எல்லைக்கு வெளியே ஒரு எண் தோன்றிவிட்டால் அதை அப்படியே விடலாமா? மறுநாளும் பார்க்கவேண்டும். மறுநாட் பார்ப்பதற்குத் தனியே அந்த ஒன்றைமட்டும் கேட்க முடியாது. பன்னிரண்டும் மீண்டும் வரும். அவற்றுள் வேறொன்று எல்லை தாண்டியிருக்கும். மீள்பரிசோதனையின் பெரும்பகுதி இவ்வாறு தன்னைத் தானே ஈன்றுகொள்கின்றது.

இயந்திரம் ஒருபுறமிருக்க, மறுபுறம் பணம் நின்றது. 1965 இல் அமெரிக்க அரசு முதியோருக்கும் வறியோருக்கும் மருத்துவக் காப்புறுதியை ஏற்படுத்தியது. நெடுங்காலப் போராட்டத்தின் பேறு அது; அதன்முன் வைத்தியசாலை வாசலை மிதிக்கவியலாதிருந்த பலர் அதன்பின் மிதித்தனர். ஆனால் வைத்தியசாலைகளுக்குப் பணம் கொடுக்கும் விதி, செலவைக் காட்டினால் ஈடுசெய்வோம் என்பதாக அமைந்தது. செய்யப்பட்ட ஒவ்வொரு பரிசோதனையும் வருமானமாயிற்று. நாடோறும் ஒரு குழாய் என்பது நாடோறும் ஒரு பற்றுச்சீட்டு.

இதனை முதலாளிகளின் சூழ்ச்சி என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட விரும்பும் நண்பர்களுக்கு இடையிலே ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரே வேளையிற் பல பரிசோதனைகளைச் செய்யும் வழக்கத்திற்கு ஊக்கமளித்தவருள் தொழிலாளரும் உளர். 1951 இல் கலிபோர்ணியாவின் துறைமுகத் தொழிலாளர் சங்கம், இடதுசாரித் தலைவரான ஹரி பிறிட்ஜஸின் சங்கம், தன் அங்கத்தவரைக் கூட்டாகப் பரிசோதிக்குமாறு கைசர் மருத்துவத் திட்டத்தினரிடம் கேட்டுப் பெற்றது. மூட்டை சுமந்த மனிதர் அவர்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படாதவரின் கோரிக்கைக்கும், ஒரே நாளில் இருமுறை பரிசோதிக்கப்படுபவரின் அவலத்திற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறவாதிருத்தலே எமக்கு முக்கியம். இதற்கு நாம் பின்னரும் வருவோம்.

சூழ்ச்சியும் இல்லாமலில்லை. 1992 இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த நாஷனல் ஹெல்த் லபோரற்றறீஸ் என்னும் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 11 கோடியே 10 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. குற்றம் யாதெனின், வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் தொகுப்புப் பரிசோதனையோடு கொழுப்புவகை ஒன்றையும் இரும்புச்சேமிப்பைக் காட்டும் பெரிற்றினையும் சேர்த்துவிட்டது. வைத்தியரோ அவை மேலதிகச் செலவின்றி வருபவை என்றே எண்ணினர். அரசாங்கக் காப்புறுதிக்குத் தனித்தனியே விலை போடப்பட்டது. 1997 இல் ஸ்மித்கிளைன் பீச்சம் கம்பனியின் ஆய்வுகூடப் பிரிவும் இத்தகைய குற்றச்சாட்டுகளுக்காக 32 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. கேட்காத பரிசோதனையை விற்பதற்கு மிக எளிய வழி, கேட்கும் தாளின் அமைப்பை மாற்றிவிடுவது என்பதை அக்கம்பனிகள் வைத்தியரினும் முன்னரே கண்டுகொண்டன. இந்தத் தாளைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்வோமாக.

1983 இல் விதி மாறியது. விடுதியில் அனுமதிக்கப்பட்டவருக்கு, நோயின் வகையைப் பொறுத்து இவ்வளவுதான் என்று ஒரே தொகை கொடுக்கும் முறையை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. நேற்றுவரை வருமானமாயிருந்த விடுதிப் பரிசோதனை ஒரேநாளிற் செலவாக மாறிற்று. தேவையற்ற மீள்பரிசோதனையைக் குறைக்கவேண்டும் என்ற குரல் வைத்தியசாலை நிருவாகிகளின் வாயிலிருந்து உரத்துக் கேட்கத் தொடங்கியது இதன்பின்னரே. அதற்குமுன் அது சில ஆய்வாளரின் கவலையாக இருந்தது. 1973 இல் ஸ்ரீவன் ஷ்றோடர் என்பவர் வாஷிங்ரனிலே, ஒரே இடத்தில் ஒரேவகை நோயாளரைப் பார்த்த வைத்தியரிடையே ஆய்வுகூடச் செலவு 17 மடங்கு வரை வேறுபட்டதைக் காட்டியிருந்தார். பதினேழு மடங்கு செலவிட்டவரின் நோயாளர் பதினேழு மடங்கு சுகமடைந்தனர் என்று எவரும் காட்டவில்லை. ஆயினும் கணக்குப்புத்தகம் அசையும்வரை அது எவரையும் அசைக்கவில்லை.

இனி விடுதிக்குட் செல்வோம். குருதி எடுக்கும்படி எழுதுபவர் யார்? பெரும்பாலும் அங்குள்ளோருள் வயதிற் குறைந்த வைத்தியர். முப்பது மணிநேரம் நித்திரையின்றி நிற்பவர். காலையிலே ஆலோசக வைத்தியர் பரிவாரத்தோடு வருவார், படுக்கையருகே நின்று "இன்றைக்குப் பொற்றாசியம் எவ்வளவு?" என்பார். எடுக்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு நியாயம் வேண்டும். எடுத்ததற்கு நியாயம் எதுவும் வேண்டியதில்லை. தேவையற்றதைச் செய்தவரை ஒருவரும் ஏசுவதில்லை. செய்யாதுவிட்டதற்கு மட்டுமே ஏச்சு. இந்நிலையில் அந்த இளைஞர் என்ன செய்வார்? ஐந்து நாளைக்கும் சேர்த்து "நாடோறும்" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். வினாவை விளங்காத மாணாக்கன் தனக்குத் தெரிந்த யாவற்றையும் விடைத்தாளில் நிரப்புவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். எதற்குப் புள்ளி கிடைக்கும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் எழுதுவதே அவனுக்குப் பத்திரம். அவனை அவ்வாறு பழக்கியவர்கள் நாமே என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இதனைத் திருத்த எடுத்த முயற்சிகளின் கதை ஆசிரியர்களாகிய எமக்குச் சங்கடமானது. ஏனெனிற் கல்வியே அதில் மிகமோசமாகத் தோற்றது. 1977 இல் வெளியான ஆய்வொன்றில் ஐசன்பேர்க் என்பவர், குருதி உறையும் நேரத்தைப் பார்க்கும் ஒரு பரிசோதனையை இளம் வைத்தியர் தேவையின்றிக் கேட்பதைக் குறைக்கப் பாடம் நடத்தினார். குறைந்தது. 18 மாதங்களின்பின் பார்த்தபோது பழைய இடத்திற்கே வந்திருந்தது. 1990 இல் வெளியான ஆய்வொன்றில், இண்டியானாபொலிஸ் நகரிலே கணினித் திரையில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதன் விலையைக் காட்டினர். 14 சதவீதம் குறைந்தது. விலை காட்டுதலை நிறுத்தியதும் அவ்வேறுபாடு தேய்ந்தது. 2011 இல் வெளியான மற்றொரு முயற்சி எளிமையானது: றோட் ஐலண்ட் மாநிலத்துச் சத்திரசிகிச்சை விடுதியொன்றிலே, சென்ற வாரம் வழக்கமான குருதிப் பரிசோதனைகளுக்கு ஆன செலவு இவ்வளவு என்று வாரந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தனர். ஒரு நோயாளருக்கு ஒரு நாளைக்கு 147 டொலருக்குமேல் இருந்த செலவு பதினொரு வாரத்தில் 108 டொலராக இறங்கிற்று. ஊர் அறியச் சொன்னால் வெட்கம் பிறக்கும். சொல்வதை நிறுத்தினால் வெட்கமும் நிற்கும்.

நிலைத்துநின்ற மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. 1992 இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒல்லாந்திலே குடும்ப வைத்தியர் பயன்படுத்தும் ஆய்வுகூடத் தாளை மாற்றினார்கள். முன்னர் நீண்ட பட்டியலிற் கோடிட்டால் போதும். புதிய தாளிலே சில பரிசோதனைகளே அச்சிடப்பட்டிருந்தன. ஏனையவை தடைசெய்யப்படவில்லை, வேண்டுமானால் கையால் எழுதலாம். கேட்கப்பட்ட பரிசோதனைகள் 18 சதவீதம் குறைந்தன. அடுத்த ஆண்டிலே வெளியான ஆய்வொன்றின்படி, பிரான்சிலும் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனைகளுக்கான தாளை மாற்றி இத்தகைய பயன் கண்டனர். பின்னர் அமெரிக்காவில், கணினியிலே தொகுப்பாகக் கிடைத்தவற்றைப் பிரித்துத் தனித்தனியே கேட்கவைத்தும், வரும் நாள்களுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதிவைப்பதைத் தடுத்தும் பார்த்தனர். அங்கும் கணிசமாகக் குறைந்தது. கம்பனிகள் எந்தத் தாளைக்கொண்டு பெருக்கினவோ, அதே தாளைக்கொண்டு குறைக்கவும் முடிந்தது. கையால் எழுதுவதற்கு எடுக்கும் அந்த அரைநிமிடம், பிறைற்றின் கரண்டியும் போலினின் கொதிநீரும் முன்னர் செய்த வேலையைச் செய்தது.

1999 இல் பொஸ்ரனில் வேறொன்றும் தெரியவந்தது. அங்கே ஒரு வைத்தியர் அண்மையிற் செய்த பரிசோதனையையே மீண்டும் கேட்டால் கணினி அவருக்கு அதை நினைவூட்டிற்று. நினைவூட்டப்பட்டவற்றுட் பத்தில் ஏறத்தாழ ஏழை வைத்தியரே கைவிட்டனர். அதாவது, அவற்றை அவர்கள் தேவையென்று நம்பிக் கேட்டிருக்கவில்லை. முன்னர் செய்தது தெரியாமலோ, தெரிந்தும் தேட நேரமில்லாமலோ கேட்டனர். ஆயினும் மொத்தத்திற் கிடைத்த பயன் சிறிதே. பெருந்தொகையான பரிசோதனைகள் அந்தக் கணினியின் வழியே செல்லாமல் வேறு வழியாற் சென்றுகொண்டிருந்தன.

2013 இல் அமெரிக்க வைத்தியசாலை மருத்துவர் சங்கம், நோயாளரின் நிலையும் முடிவுகளும் மாறாதிருக்கையில் குருதி எண்ணிக்கையையும் இரசாயனப் பரிசோதனைகளையும் திருப்பிச் செய்யவேண்டாம் என்று தன் அங்கத்தவருக்கு அறிவித்தது. பிரித்தானியாவிலே எந்தப் பரிசோதனையை எத்தனை நாளுக்குமுன் மீட்டுச் செய்தல் ஆகாது என்று வரையறுத்து வெளியிட்டுள்ளனர். இவ்வரையறைகள் கஞ்சத்தனத்தினாற் பிறந்தனவல்ல. சிலவற்றின் நியாயம் எமது மாணாக்கருக்கே விளங்கும். நீரிழிவு நோயாளரின் மூன்றுமாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, செங்குழியங்களிலே படிந்த குளுக்கோசை அளப்பது. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். சென்ற வாரம் செய்ததை இந்த வாரம் செய்தால் பழைய செங்குழியங்களையே மீண்டும் எண்ணுவோம். தைரொயிட்டு மருந்தின் அளவை மாற்றினால் அதன் விளைவு குருதியில் நிலைபெற ஆறு கிழமையளவு செல்லும். உடம்பு தன் வேகத்திலேதான் மாறும்.

குழாயின் அளவையும் கவனித்துள்ளனர். இன்றைய இயந்திரத்திற்குத் தேவைப்படுவது சில துளிகள். எடுக்கப்பட்டதில் மிகுதி வீசப்படுகின்றது. 2023 இல் வெளியான கனடிய ஆய்வொன்றிலே 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமான குழாய்க்குப் பதிலாகச் சிறிய குழாயைப் பயன்படுத்தினர். குருதி போதாமல் பரிசோதனை தடைப்பட்டது மிக அரிது. இத்தனை காலமும் பெரிய குழாயை நிரப்பியது எதற்காக என்று கேட்கத் தோன்றுகின்றது. குழாய் அந்த அளவில் இருந்தது என்பதே விடை.

இதுவரை வாசித்த நண்பர் சிலர், ஆகவே பரிசோதனைகளைக் குறைக்கச் சொல்வோம் என்று புறப்படலாம். அவர்களைச் சற்றுத் தடுத்து நிறுத்த வேண்டியுள்ளது. 2013 இல், அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் இரு சராசரிகளைத் தந்தனர். தேவையின்றிச் செய்யப்பட்டவை 20.6 சதவீதம். தேவையிருந்தும் செய்யப்படாதவை 44.8 சதவீதம். முதலாவது எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர். இரண்டாவதைச் சொல்வோர் குறைவு. செலவைக் குறைக்க விரும்பும் திறைசேரிக்கு முதலாவது மட்டுமே காதில் விழும். மீள்பரிசோதனையைக் கட்டுப்படுத்துதல் என்ற நியாயமான சொல்லின் மறைவிலே, முதற்பரிசோதனையையே மறுக்கும் காரியம் நடக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டிலும் கிடைக்கவேண்டிய அத்தியாவசியப் பரிசோதனைகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது 2018 இலேயே. அத்தியாவசிய மருந்துகளுக்கான பட்டியல் 1977 இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பதாண்டு தாமதம்.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலையில் நோயாளர் பரிசோதனைக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அது எளிதிற் கிடைத்த உரிமையன்று. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே அந்நியச் செலாவணி இன்றி மருந்துகளும் ஆய்வுகூட இரசாயனங்களும் தட்டுப்பட்டபோது, அவ்வுரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பது தெரிந்தது. அவ்வாண்டில் எமது பெரியம்மாவிற்கு நேர்ந்ததைச் சொல்கின்றோம். நீரிழிவும் தைரொயிட்டுக் குறையும் உள்ளவர். கால் வீங்கி ஊர் வைத்தியசாலையிற் சேர்த்தோம், குருதி எடுத்தனர். இரண்டாம் நாள் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினர். முடிவுத் தாள்கள் கூடவரவில்லை. அதே பரிசோதனைகளுக்கு மீண்டும் குருதி எடுத்தனர். விடுதி மாறியபோது மூன்றாம் முறையும் எடுத்தனர். "தம்பி, இந்தக் கையிலை இனி இடமில்லை. மற்றக் கையிலை எடுக்கச் சொல்லி மிஸியிட்டைச் சொல்லு" என்றார். யூரியாவும் கிரியாற்றினினும் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றே. உண்மையிலே அவருக்கு வேண்டியிருந்தது தைரொயிட்டுப் பரிசோதனை. அதற்குரிய இரசாயனம் இல்லை என்றனர். வெளியே தனியார் ஆய்வுகூடமொன்றிற் பணம் கட்டிச் செய்வித்தோம். அந்தப் பணத்தைக் கட்டமுடியாத ஒரு மூதாட்டி அடுத்த படுக்கையில் இருந்தார். அவருக்கும் காலையிலே நாடோறும் குருதி எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பெரியம்மா ஒரு வேலை செய்தார். எமது மக்கள் கிளினிக் கொப்பி என்று வழங்கும் பயிற்சிக் கொப்பியிலே, கிடைத்த தாள்கள் அனைத்தையும் திகதி ஒழுங்கில் பசைபூசி ஒட்டினார். ஒவ்வொன்றின் மேலும் எந்த இடத்திற் செய்தது என்று தம் கையால் எழுதினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர், எழுத்து உருண்டையாக இருக்கும். அடுத்த மாதம் கிளினிக்கிற்குக் கூட்டிச்சென்றோம். இளம் வைத்தியர் ஒருவர் வழக்கம்போலத் தாளை எடுத்துக் கோடிடப்போனார். பெரியம்மா கொப்பியை அவர்முன் விரித்து வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வரிசையிலே பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இப்ப ஒண்டும் எடுக்கத் தேவையில்லை அம்மா, ரெண்டு மாதம் கழிச்சுப் பாப்பம்" என்று கொப்பியிலே எழுதித் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா மை காயும்வரை பிடித்திருந்து, பிறகு பையிலே வைத்தார்.